ஆரம்ப வகுப்புக்குச் செல்லாமல் உயர்தரப் பௌதிகவியலைத் தொடர முடியுமா?

வினா — வெருகல் மாணவி

ஆசிரியர்களுக்கும் உயர்தரம் கற்று முடித்த அண்ணா, அக்காமாருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலை நகரில் மாமியின் வீட்டில் தங்கியிருந்து, 12ஆம் தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் கற்கிறேன். சொந்த ஊர் வெருகல். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவரும் வரையுள்ள மாதங்களில், நகரத்துப் பிள்ளைகளிற் பலர் ‘ஆரம்ப வகுப்பு’ எனப்படும் தனியார் வகுப்புகளுக்குச் சென்று உயர்தரப் பௌதிகவியலின் தொடக்கப் பகுதிகளைப் படித்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில் அம்மம்மா நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் நான் ஊரிலேயே இருந்தேன். அங்கு அப்படியொரு வகுப்பும் இல்லை.

பாடசாலையில் உயர்தரம் தொடங்கியபோது, வகுப்பில் உள்ளவர்களில் அதிகமானோருக்கு அளவீடு, பரிமாணம், காவி (பருமனும் திசையும் உள்ள கணியம்) ஆகியவை முன்பே தெரிந்திருந்தன. ஆகையால் அவை மிக வேகமாகக் கற்பிக்கப்பட்டன. இப்போது எறியங்களின் (எறியப்பட்ட பொருள்களின்) இயக்கமும் விசைகளின் சமநிலையும் நடக்கின்றன. சமன்பாடுகளை என்னால் மனப்பாடமாக எழுத முடிகிறது. ஆனால் ஒரு விசையைத் துணிக்கும்போது, அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கூறுகளாகப் பிரிக்கும்போது, எந்தத் திசைக்குச் சைன் வரும், எந்தத் திசைக்குக் கோசைன் வரும் என்பதில் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். பக்கத்தில் இருப்பவர் எழுதுவதைப் பார்த்து எழுதிவிட்டு, வீட்டில் அதே கணக்கைத் திரும்பச் செய்யும்போது விடை வருவதில்லை.

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்குப் பி சித்தியும் கணிதத்துக்குச் சி சித்தியும் பெற்றேன். உயிரியலும் இரசாயனவியலும் இப்போதைக்குச் சிரமமாக இல்லை. பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்க விரும்பினால் இந்தத் தவணை முடிவதற்குள் தீர்மானிக்குமாறு பாடசாலையில் கூறியிருக்கிறார்கள். மருத்துவத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குப் பௌதிகவியல் கட்டாயம் என்பதை அறிவேன். ஆனாலும் அடிப்படை இல்லாமல் இரண்டு வருடங்களைக் கடத்திவிட்டுப் பரீட்சையில் சித்தியெய்தாமற் போவதைவிட, இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது என்று மாமா சொல்கிறார்.

தவறவிட்ட ஆரம்ப வகுப்பை இனி ஈடுசெய்ய முடியுமா? முடியுமானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? தனியார் வகுப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டும் வசதி வீட்டில் இல்லை என்பதையும் கவனத்திற் கொண்டு பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 — பௌதிகவியல் ஆசிரியர், திருகோணமலை

அன்புள்ள பிள்ளைக்கு,

நீங்கள் தவறவிட்டதாக நினைக்கும் ஆரம்பப் பாடத்தின் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறீர்கள். 10ஆம், 11ஆம் தர விஞ்ஞானப் பாடநூல்களை மீண்டும் கையில் எடுத்துப் பாருங்கள். நேர்கோட்டு இயக்கம், நியூற்றனின் இயக்க விதிகள், உராய்வு, விளையுள் விசை, விசையின் திருப்பல் விளைவு, விசைகளின் சமநிலை, நீர்நிலை அமுக்கம், வேலை சக்தி வலு, ஓட்ட மின்னியல் ஆகிய அனைத்தும் 10ஆம் தரத்திலும், அலைகள், கேத்திரகணித ஒளியியல், வெப்பம், மின் உபகரணங்களின் வலு, இலத்திரனியல், மின்காந்தவியல் ஆகியவை 11ஆம் தரத்திலும் உள்ளன. உயர்தரப் பாடத்திட்டத்தின் 11 அலகுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரு வகுப்புகளிலும் ஒரு வேர் இருக்கிறது. தனியார் ஆரம்ப வகுப்பு என்பது பாடத்திட்டத்தின் அங்கமன்று. உயர்தரத்தின் முதல் அலகுகளைச் சில மாதங்கள் முன்கூட்டியே கற்பிக்கும் ஏற்பாடு மட்டுமே. அதைக் கற்காதவர் பின்தங்கியிருக்கலாம். ஆனால் தகுதியற்றவர் ஆகமாட்டார்.

அப்படியென்றால் உங்கள் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? சாதாரண தரத்தில் விசைகளும் இயக்கங்களும் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. உயர்தரத்தில் அவை ஒரு தளத்துக்கு வந்துவிடுகின்றன. இந்த ஒரு மாற்றத்தை நிதானமாகக் கடக்காதவர்களுக்கு எறியம், சாய்தளம், வட்ட இயக்கம், பின்னர் மின்புலம், காந்தப்புலம் என எல்லாமே புதிய புதிய சிக்கல்களாகத் தோன்றும். கடந்தவர்களுக்கோ அவை யாவும் ஒரே வேலையின் வெவ்வேறு இடங்கள்.

உங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். வெருகல் ஆற்றின் ஓரிடத்தில் அகலம் 200 மீற்றர் என்று கொள்வோம். தோணி ஒன்று நீருக்குச் சார்பாகச் செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் எதிர்க்கரையை நேரே நோக்கிச் செலுத்தப்படுகிறது. ஆறு செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. தோணி கரையை அடைய எவ்வளவு நேரம் செல்லும்? கரைக்குச் செங்குத்தான திசையில் தோணிக்கு இருப்பது 4 மட்டுமே. எனவே 200ஐ 4ஆல் வகுக்க 50 செக்கன் வரும். ஆற்றின் ஓட்டம் இந்த நேரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் அதே 50 செக்கனில் ஓட்டம் தோணியைக் கீழ்நோக்கி 150 மீற்றர் கொண்டுபோய்விடும். கரையில் நின்று பார்ப்பவருக்குத் தோணி செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் சரிவான பாதையொன்றில் 250 மீற்றர் சென்றதாகத் தெரியும். 250ஐ 5ஆல் வகுத்தாலும் அதே 50 செக்கன்தான்.

இதைப் படம் வரைந்து முழுமையாக விளங்கிக்கொண்டால், எறிய இயக்கத்தின் உட்பொருள் உங்கள் கைக்கு வந்துவிடும். அங்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு இயக்கங்கள் ஒன்றையொன்று குழப்பாமல் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கிடையாக வேகம் மாறாது, நிலைக்குத்தாகப் புவியீர்ப்பு ஆர்முடுகல் தொழிற்படுகிறது, நேரம் இரண்டுக்கும் பொதுவானது. எறியத்துக்கென்று தனியே மனப்பாடம் செய்யும் சமன்பாடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, 10ஆம் தரத்தில் கற்ற நேர்கோட்டு இயக்கத்தை இரு திசைகளுக்கும் தனித்தனியே எழுதிப் பழகுங்கள்.

சைனா, கோசைனா என்ற கேள்விக்கும் மனப்பாடம் வழியன்று. தரப்பட்ட கோணம் எந்தத் திசையுடன் சேர்ந்திருக்கிறதோ அந்தத் திசையிலுள்ள கூறு கோசைன்; அதற்குச் செங்குத்தான கூறு சைன். எழுதிய பின்னர் கோணத்தைப் பூச்சியமாக்கிச் சோதித்துப் பாருங்கள். சாய்தளத்தின் கோணம் பூச்சியமானால் அது கிடைத்தளமாகிவிடும். அப்போது நிறையில் தளத்தின் வழியே இழுக்கும் கூறு எதுவும் இருக்கக்கூடாது. பூச்சியத்தின் சைன் பூச்சியம். ஆகவே தளத்தின் வழியே வருவது நிறையின் சைன் கூறாகத்தான் இருக்க முடியும். இந்தச் சோதனைக்குச் சில செக்கன்கள் போதும். பரீட்சை மண்டபத்தில் பக்கத்திலிருப்பவரைப் பார்க்க வேண்டிய தேவையை அது நீக்கிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் கருத்து இது. பாடசாலையில் இன்று நடக்கும் பாடத்தை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிட்டுப் பின்னோக்கிப் போகாதீர்கள். பழையதை முழுமையாக முடித்த பின்னரே புதியதைத் தொடுவேன் என்று ஒதுங்கும் பிள்ளைகள், பழையதை முடிப்பதற்குள் இன்னொரு அலகையும் இழந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அன்றாடப் பாடத்தோடு சேர்த்து, 10ஆம் தர நூலின் இயக்கவியல் அத்தியாயங்களை ஒரு நாளைக்குச் சில பக்கங்களாக மீட்டுங்கள். அதன் பிறகு உயர்தரத்தின் முதலாம் அலகான அளவீட்டுக்குச் செல்லுங்கள். இயக்கவியல் நிலைபெறுவதற்குக் காலம் எடுத்தாலும் மனம் தளர வேண்டாம். வெப்பப் பௌதிகவியலும் ஓட்ட மின்னியலும் அதில் அவ்வளவாகத் தங்கியிருப்பவை அல்ல. அவ்விரு அலகுகளையும் எல்லோருடனும் ஒரே கோட்டில் நின்று நீங்கள் தொடங்கலாம்.

மாமாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். பி சித்தியோடு வந்த ஒரு பிள்ளை முதலாம் தவணையில் தடுமாறுவதை வைத்துப் பாடத்தை மாற்றுவதற்கு அவசரப்பட வேண்டியதில்லை.

பதில் 2 — முன்னாள் உயிரியல் பிரிவு மாணவன், கிண்ணியா

அன்புச் சகோதரிக்கு,

நானும் இணைந்த கணிதம் கற்காமல் உயிரியல் பிரிவிலிருந்து பௌதிகவியல் செய்தவன் என்பதால், சேர் எழுதியதோடு சில விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்கள் பிரிவில் உள்ளவர்களுக்குப் பௌதிகவியல் கடினமாகத் தோன்றுவதற்கு, கணிதப் பிரிவு மாணவர்கள் அதே காவிகளையும் விசைகளையும் இணைந்த கணிதத்தில் இன்னொரு முறை கற்பது ஒரு முக்கிய காரணம். எமக்கு அந்த இரண்டாவது பயிற்சி கிடைப்பதில்லை. ஆகவே அவர்கள் இரண்டு கணக்கில் பிடித்துக்கொள்வதை நாம் பத்துக் கணக்கில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதைத் திறமைக் குறைவு என்று எண்ணக்கூடாது. வகையீடும் தொகையீடும் தெரியாதே என்றும் அஞ்ச வேண்டாம். பௌதிகவியலில் அவற்றின் வேலையைப் பெரும்பாலும் வரைபின் படித்திறனும் (சாய்வும்), வரைபுக்குக் கீழுள்ள பரப்பும் செய்துவிடுகின்றன. வேக நேர வரைபின் படித்திறன் ஆர்முடுகல் என்றும், பரப்பு இடப்பெயர்ச்சி என்றும் நீங்கள் 10ஆம் தரத்திலேயே படித்திருக்கிறீர்கள்.

பரீட்சையின் அமைப்பையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம் தரப்படும். அதாவது ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் முழுமையாக இல்லை. இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம் கொண்டது. அதில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்குக்கும் கட்டாயம் விடையளிக்க வேண்டும், கட்டுரை வினாக்கள் ஆறிலிருந்து நான்கைத் தெரிவுசெய்ய வேண்டும். கணிகருவி அனுமதிக்கப்படுவதில்லை. இந்தக் கடைசி விடயம் ஆரம்ப வகுப்புக்குச் சென்ற பலருக்கும்கூடப் பின்னால்தான் உறைக்கிறது. வீட்டில் தொலைபேசியில் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் பல்தேர்வு வினாத்தாளில் நேரத்தை இழக்கிறார்கள். ஆகவே இன்றிலிருந்தே கையால் சுருக்கிப் பழகுங்கள். 3, 4, 5 முக்கோணியும், 30, 45, 60 பாகைகளின் சைன், கோசைன் பெறுமானங்களும், பத்தின் வலுக்களைக் கூட்டிக் கழிக்கும் பழக்கமும் இருந்தால் பெரும்பாலான எண்கணிதம் இலகுவாகிவிடும். வினாத்தாளின் முகப்பிலேயே புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்குமாறு தரப்படுவதும் இதற்கு உதவும்.

பணம் பற்றிக் குறிப்பிட்டிருந்தீர்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் 10ஆம், 11ஆம் தர விஞ்ஞான நூல்கள் இலவசமாகவே கிடைத்தவை. தங்கையோ தம்பியோ அடுத்த வகுப்புகளில் இருந்தால் அவர்களிடமும் இருக்கும். தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தரப் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் இணையத்தில் பெறலாம். இவற்றோடு பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தேடி எடுங்கள். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பதும், பரீட்சார்த்திகள் எங்கே பிழைவிடுகிறார்கள் என்பதும் அவற்றில் விளக்கப்பட்டிருக்கும். நான் கூடுதலாகப் பயனடைந்தது அவற்றால்தான். குறிப்புப் புத்தகங்களை வாங்கிக் குவிப்பதைவிட, ஒரே வினாவை விடையைப் பாராமல் மூன்று தடவை எழுதுவது அதிகம் தரும்.

பதில் 3 — கணித ஆசிரியை, உவர்மலை

மேலேயுள்ள இரண்டு பதில்களும் நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்டவை. ஆயினும் ஒரு விடயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பிள்ளைக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன்.

10ஆம் தர விஞ்ஞான நூலை மீட்டுவது அவசியம்தான். ஆனால் பிள்ளை எழுதியிருப்பதைக் கவனமாகப் படித்தால், அவருடைய இடைவெளி விஞ்ஞானத்தைவிடக் கணிதத்திலேயே அதிகம் இருப்பது தெரிகிறது. விஞ்ஞானத்தில் பி, கணிதத்தில் சி என்பதும் அதையே காட்டுகிறது. சமன்பாட்டை எழுத முடிகிறது, வீட்டில் விடை வருவதில்லை என்பவர் பல வேளைகளில் பௌதிகவியலில் நிற்பதில்லை. சூத்திரத்தின் எழுவாயை மாற்றும் இடத்தில், அதாவது வேண்டிய கணியத்தைத் தனியே ஒரு பக்கத்துக்குக் கொண்டுவரும் இடத்தில்தான் நிற்கிறார். ஆகவே நான் வரிசையை மாற்றி, விஞ்ஞான நூலுக்கும் முன்னதாகச் சாதாரண தரக் கணித நூல்களை எடுக்கச் சொல்வேன். எழுவாய் மாற்றல், சுட்டிகள், விகிதசமன், நேர்கோட்டு வரைபின் படித்திறனும் வெட்டுத்துண்டும், திரிகோணகணிதம் ஆகிய ஐந்தும் போதும். புள்ளிவிபரவியலையும் தொடைகளையும் இப்போது தொட வேண்டாம்.

இவற்றுள் விகிதசமனுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். எளிய ஊசலின் அலைவு காலம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன் என்று தெரிந்தால், நீளம் நான்கு மடங்கானால் காலம் இரண்டு மடங்காகும் என்று ஒரு எண்ணையும் பிரதியிடாமல் சொல்லிவிடலாம். கோளங்களின் ஆரை இரு மடங்கானால் கனவளவு எட்டு மடங்கு, தடையொன்றின் நீளத்தை இரட்டித்துக் குறுக்குவெட்டுப் பரப்பைப் பாதியாக்கினால் தடை நான்கு மடங்கு, புள்ளி ஏற்றங்களின் இடைத்தூரம் மூன்று மடங்கானால் விசை ஒன்பதில் ஒரு பங்கு என, பல்தேர்வு வினாத்தாளில் இந்தச் சிந்தனை மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது. உயர்தரத்துக்கு வந்தபின் புதிதாகக் கற்கவேண்டிய கணிதம் உண்மையில் மிகக் குறைவு. கோணத்தை ஆரையனில் அளப்பதும், 180 பாகை பை ஆரையனுக்குச் சமன் என்பதும், இரு காவிகளை இணைகர விதியால் கூட்டுவதும் விளங்கினால் வட்ட இயக்கம் வரை தடையின்றிச் செல்லலாம்.

பாடத்தை மாற்றுவது பற்றி மாமா சொன்னதை முற்றாக ஒதுக்கவும் வேண்டாம். விவசாய விஞ்ஞானத்தை இலகுவான புகலிடமாக எண்ணி எடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. அதை விரும்பி எடுத்து, விவசாய பீடங்களுக்குச் சென்று நன்றாக வாழ்பவர்களும் உண்டு. தீர்மானத்துக்குத் தடுமாற்றத்தை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். மருத்துவத்தில் உங்களுக்கு இருப்பது உறுதியான விருப்பமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உறுதியானால் பௌதிகவியலைத் தவிர வேறு வழி இல்லை. அப்போது மாற்றுவதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லாமற் போய், எப்படிக் கற்பது என்பது மட்டுமே மிஞ்சும். மண்ணிலும் பயிரிலும் மனம் செல்லுமானால் மாற்றுவது தோல்வியன்று. இந்தத் தவணையில் மீதமுள்ள கிழமைகளில் நான் சொன்ன ஐந்து கணிதப் பகுதிகளையும் உண்மையாகச் செய்துவிட்டு, அதே சாய்தளக் கணக்குகளை மறுபடி எடுங்கள். அப்போதும் ஒன்றுமே நகரவில்லை என்றால் மாமாவுடன் மீண்டும் பேசலாம். நகரும் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.

வினா தொடர்கிறது — வெருகல் மாணவி

சேருக்கும் ரீச்சருக்கும் கிண்ணியா அண்ணாவுக்கும் மிகவும் நன்றி. தோணிக் கணக்கை வரைந்து பார்த்தேன். எறியத்தில் நேரம் ஏன் இரு திசைக்கும் பொதுவானது என்பது முதல் தடவையாக விளங்கியது. நாளை முதல் எழுவாய் மாற்றலில் தொடங்குகிறேன். மருத்துவம் பற்றிய ரீச்சரின் கேள்விக்கு என் பதில் உறுதியானதுதான். மாமாவிடமும் இன்று அதைச் சொன்னேன். தவணை முடியும்வரை பார்ப்போம் என்றார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. செய்முறைப் பாடத்தில் சிறிய நீளங்களை அளக்கும் கருவிகளான வேணியர் இடுக்கிமானியையும் நுண்மானித் திருகுக் கணிச்சியையும் குழுவாகச் செய்தபோது, கருவி என் கைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மற்றவர்கள் ஆரம்ப வகுப்பில் வாசிப்புகளைப் பழகியிருந்தார்கள். கருவியைத் தொடாமலே இந்தப் பகுதியைக் கற்க முடியுமா?

பதில் 4 — பௌதிகவியல் ஆசிரியர், திருகோணமலை

முதலில், ரீச்சர் சொன்ன வரிசையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கணிதத்தை முன்னே வையுங்கள். விஞ்ஞான நூல் அதன் பின்னே வரட்டும்.

கருவியைத் தொடாமல் கற்பது போதாது. அமைப்புக் கட்டுரை வினாக்களில் செய்முறையை ஒட்டியவை தவறாமல் வருகின்றன. செய்து பார்த்தவரின் விடைக்கும் படித்து எழுதியவரின் விடைக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். ஆனால் தொடுவதற்கு முன்னரே தத்துவத்தை விளங்கிக்கொண்டால், கருவி கையிலிருக்கும் ஐந்து நிமிடமும் பயன்படும். சாதாரண வேணியரில் பிரதான அளவுத்திட்டத்தின் 9 மில்லிமீற்றரை வேணியர் அளவுத்திட்டம் 10 பிரிவுகளாகப் பிரித்திருக்கும். ஆகவே ஒரு வேணியர்ப் பிரிவு 0.9 மில்லிமீற்றர், வித்தியாசமான 0.1 மில்லிமீற்றரே இழிவெண்ணிக்கை, அதாவது கருவியால் வாசிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு. திருகுக் கணிச்சியில் ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு 0.5 மில்லிமீற்றர் நகர்ந்து, வட்ட அளவுத்திட்டம் 50 பிரிவுகளைக் கொண்டிருந்தால், இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர். தடித்த கடதாசியில் 9 சென்ரிமீற்றரைப் பத்தாகப் பிரித்து ஒரு பெரிய வேணியரை நீங்களே வெட்டிச் செய்யலாம். சாதாரண அடிமட்டத்தின் சென்ரிமீற்றர்க் கோடுகளுக்கு அருகே அதை நகர்த்தி வாசித்துப் பழகுங்கள். பூச்சிய வழுவை (எதையும் அளக்காதபோதும் கருவி காட்டும் வாசிப்பை) எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்பதையும் அதே கடதாசியில் பார்த்துவிடலாம்.

ஏன் இத்தனை கருவிகள் என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். மில்லிமீற்றர் அடிமட்டத்தால் 10 சென்ரிமீற்றர் நீளத்தை அளந்தால் வழு நூற்றுக்கு ஒன்று. அதே அடிமட்டத்தால் 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியை அளந்தால் வழு நூற்றுக்கு நூறு. கம்பிக்குத் திருகுக் கணிச்சி ஏன் வேண்டும் என்று வினாத்தாளில் கேட்டால் எழுத வேண்டிய விடை இதுதான்.

வீட்டில் முழுமையாகச் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை எளிய ஊசல். நூலில் ஒரு சிறிய கனமான பொருளைக் கட்டி, கதவு நிலையில் தொங்கவிட்டு, சிறிய கோணத்தில் ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கான நேரத்தைத் தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தால் அளவுங்கள். எண்ணத் தொடங்குவது பொருள் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடக்கும்போதுதான். அங்கே அதன் வேகம் உச்சமாக இருப்பதால் கடக்கும் கணத்தை நிர்ணயிப்பதில் வழு மிகக் குறைவு. ஓரத்தில் அது தயங்கி நிற்பதால் அந்தக் கணம் தெளிவாக அமையாது. ஐந்தாறு நீளங்களுக்கு இதைச் செய்து, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரையுங்கள். நேர்கோடு வரும், அதன் படித்திறன் மீற்றருக்கு ஏறத்தாழ 4 செக்கன் வர்க்கமாக இருக்க வேண்டும். நான்கு மடங்கு பை வர்க்கத்தை அந்தப் படித்திறனால் வகுத்தால் புவியீர்ப்பு ஆர்முடுகல் உங்கள் கைகளாலேயே கிடைத்துவிடும்.

அதன் பின்னர் இன்னொன்றையும் செய்து பாருங்கள். நீளத்தைப் பொருளின் மையம் வரை அளக்காமல், வேண்டுமென்றே முடிச்சு வரை மட்டும் அளந்து அதே வரைபை வரையுங்கள். ஒவ்வொரு நீளமும் ஒரே அளவால் குறைவதால் கோடு உற்பத்தியினூடாக (இரு அச்சுகளும் வெட்டும் புள்ளியினூடாக) செல்லாது. ஆனால் படித்திறன் மாறாது, ஆகவே விடையும் மாறாது. ஒரேயொரு வாசிப்பைப் பிரதியிட்டு விடை காண்பதைவிட வரைபு வரைவது ஏன் சிறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது. இதை விளங்கிய பிள்ளைக்குச் சுரமானி, பரிவுக் குழாய், அழுத்தமானி ஆகிய பரிசோதனைகள் எல்லாவற்றிலும் வரைபு சார்ந்த வினாக்கள் ஒரே முகத்துடன் தெரியும்.

பாடசாலையில் இருக்கும் கருவிகளைப் பொறுத்தவரை, ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் சென்று, பாடசாலை முடிந்த பின்னர் அரை மணித்தியாலம் வேணியரையும் கணிச்சியையும் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். உங்களைப் போல வாய்ப்புக் கிடைக்காத இன்னும் இருவரையும் சேர்த்துக்கொண்டு போனால் அனுமதி இலகுவாகக் கிடைக்கும். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதி, பின்னர் மாறிக்கொள்ளலாம். ஊசலின் வரைபை வரைந்து முடித்ததும் வாசிப்புகளை இங்கே பதியுங்கள்; படித்திறன் 4இலிருந்து விலகியிருந்தால் எங்கே வழு நேர்ந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.